பழைய புல்லட்டுக்குப் புத்துயிர்

இராயபுரத்திலிருந்து தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் பகுதிக்கும், நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் வண்டிகளுக்கும் நெருங்கிய உறவுண்டு. 1946ஆம் ஆண்டு திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதே பின்னாளில் எம்.ஆர்.எஃப். டயராக வளர்ந்தது. 1948இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து முதலில் ஆஸ்டின் கார்களை இணைத்துத் தந்தது. பின்னர் அசோக் லேலண்டாகி லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பெயர் பெற்றது. அவ்வரிசையில் 1955இல் உருவானது என்ஃபீல்டு இந்தியா நிறுவனம். அது திருவொற்றியூரில் செய்த புல்லட் மோட்டார் சைக்கிள் காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஓடிற்று.

இன்று அந்த வண்டியைப் பற்றி நம் இல்லங்களில் எழும் கேள்வி வேறு. துறைமுகத்தில் தொழில் செய்தவர்களும், மண்ணடியில் கடை வைத்திருந்தவர்களும், வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பியவர்களும் ஆசையோடு வாங்கிய புல்லட்டுகள் பல வீடுகளின் மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. அவற்றை எடைக்குப் போடுவதா, கேட்பவருக்கு விற்பதா, பழுது பார்த்து ஓட்டுவதா? வீட்டில் இல்லாதவர்களோ வெளியில் தேடிப் பெரும் பணம் கொடுத்து வாங்கவும் முன்வருகின்றனர். இவ்விரு சாராருக்கும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. முதலில் உரிமையும் பத்திரமும், அடுத்து எஞ்சின், கடைசியில்தான் வண்ணப்பூச்சு. பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டே துன்பப்படுகின்றனர்.

ரெடிச்சிலிருந்து திருவொற்றியூருக்கு

இங்கிலாந்தின் ரெடிச் நகரைச் சேர்ந்த என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1901இல் தன் முதல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. ‘புல்லட்’ என்னும் பெயர் 1932இல் வந்தது. 1950களின் தொடக்கத்தில் எல்லைப்புறப் பணிக்காக இந்திய இராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தெரிவு செய்து வாங்கியது. அதனை இறக்குமதி செய்து விற்ற மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து அமைத்ததே என்ஃபீல்டு இந்தியா. தொடக்கத்தில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினர். 1956ஆம் ஆண்டின் இறுதிவரை உருவானவை வெறும் 163 வண்டிகளே. பின்னர் அச்சுகளும் எந்திரங்களும் வந்து சேர்ந்தன. 1962க்குள் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன.

அதன்பின் நிகழ்ந்தது வியப்புக்குரியது. ரெடிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு உற்பத்தியே நின்றது. கற்றுக்கொடுத்தவர் கடையைக் கட்டிய பிறகும் கற்றுக்கொண்டவர் தொழிலை விடவில்லை. 1977 முதல் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாயின. 1950களில் ரெடிச்சில் பிறந்த வண்டியைப் பழுது பார்க்கும் ஆங்கிலேயர் இன்று இந்தியாவில் வார்த்த பாகங்களைத் தேடுகின்றனர் என்றால், வடிவம் எவ்வளவு குறைவாக மாறியது என்பதை உணரலாம். 1994இல் ஐஷர் குழுமம் நிறுவனத்தை ஏற்றது. 2013இல் ஒரகடத்தில் புதிய ஆலை திறக்கப்பட்டது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சினின் காலம் 2010ஐ ஒட்டி முடிந்தது. அதற்கு முந்திய வண்டிகளைப் பற்றியதே இக்கட்டுரை.

வடிவம் மாறாமல் இருந்தது அன்று குறையாகப் பேசப்பட்டது. பழைய வண்டியை மீட்க நினைப்பவருக்கோ அதுவே பெரும் வசதி. 1965இல் செய்த வண்டிக்கு 1995இல் செய்த பாகம் பல இடங்களில் அப்படியே பொருந்தும். அதே நிறுவனம் 1980களில் விற்ற ஃப்யூரி, எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் போன்ற சிறு வண்டிகளுக்கு இந்த வாய்ப்பில்லை. அவை மலிவாகக் கிடைக்கும், பாகம்தான் கிடைக்காது. முதன்முதலாக இத்துறையில் இறங்குவோர் அவற்றின் பக்கம் போகாதிருத்தல் நலம்.

வண்டி யாருடையது?

வெளியில் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். சட்டகத்தின் முன்புறத் தலைப்பகுதியில் வெட்டப்பட்டுள்ள சேஸிஸ் எண்ணும், சிலிண்டருக்குக் கீழே கிராங்க்கேஸில் உள்ள எஞ்சின் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். எண் இருக்கும் இடத்தில் மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தாலோ, எழுத்துகள் ஏறுமாறாக இருந்தாலோ அங்கேயே சலாம் சொல்லித் திரும்பிவிடலாம். பல புல்லட்டுகளில் ஒரு காலத்தில் டீசல் செலவைக் கருதி வேறு எஞ்சின் ஏற்றினர். பிறகு மீண்டும் பெட்ரோல் எஞ்சினை வைத்தனர். புத்தகத்தில் எதுவும் பதியப்படவில்லை. நிறுவனமே 1990களில் 325 சி.சி. டீசல் வண்டியை விற்றது உண்மைதான். ஆனால் அதற்குரிய புத்தகத்தில் டீசல் என்றே இருக்கும். பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது என்பதை நினைவிற் கொள்க.

கவனிக்கப்படாத இன்னொன்று, கடன் பதிவு. தவணையில் வாங்கிய வண்டியின் புத்தகத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். கடன் எப்போதோ தீர்ந்திருக்கலாம். படிவம் 35 கொடுத்து அப்பதிவை நீக்கியிருக்க மாட்டார்கள். அந்த நிறுவனமே இன்று இல்லாமற் போயிருந்தால் அலைச்சல் மிகும். எனவே பணம் கொடுக்குமுன் விற்பவரைக் கொண்டே அதனை முடித்துக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் வழக்கமும் கூடாது. விபத்து நேர்ந்தால் பழைய உரிமையாளர் வழக்கில் இழுக்கப்படுவார். அவருக்குச் செய்யும் அநீதி அது.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். இரு சக்கர வண்டிக்கு 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ரூபாயாயிற்று. 20 ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு 2025இல் மேலும் கூட்டப்பட்டது. வண்டி பல்லாண்டு புதுப்பிக்கப்படாமல் கிடந்தால் தாமதக் கட்டணமும் சேரும். விலை பேசும்போதே இதனைக் கழித்துப் பேசுதல் முறை.

வீட்டிலேயே கிடக்கும் வண்டிக்கு வருவோம். வண்டி வாப்பாவின் பெயரில் இருந்து, அவர்கள் வஃபாத்தாகிவிட்டிருப்பின், மூத்த மகன் ஓட்டி வந்தான் என்பதற்காக அது அவனுக்குரியதாகிவிடாது. வீட்டையும் கடையையும் பங்கிடும்போது ஷரீஅத்தைப் பேசுகின்ற குடும்பங்கள் வாசலில் நிற்கும் வண்டியை மறந்துவிடுகின்றன. கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியவற்றில், பிள்ளைகள் உள்ள நிலையில், மனைவிக்கு எட்டில் ஒன்று. வாப்பாவின் தாய் தந்தையர் உயிரோடிருந்தால் ஒவ்வொருவருக்கும் ஆறில் ஒன்று. மீதத்தில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. இக்கணக்கில் புல்லட்டும் அடங்கும். பழைய இரும்பாகக் கருதப்பட்ட நாளில் இது பெரிதாகத் தோன்றவில்லை. விலை ஏறிவிட்ட இந்நாளில், மணமாகிச் சென்ற சகோதரிகளின் பங்கை ‘அவர்களுக்கு வண்டி எதற்கு’ என்று தள்ளுவது நியாயமாகாது.

எனவே பழுது பார்ப்பில் ஒரு ரூபாய் செலவிடுமுன்பே, கிடக்கும் நிலையில் வண்டி என்ன விலை போகும் என்று இரு மெக்கானிக்குகளிடம் மதிப்புக் கேட்டு, எல்லோர் முன்னிலையிலும் ஒத்துக்கொள்ள வேண்டும். மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுக்கலாம். அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் எழுதி வாங்கலாம். செலவு செய்து பளபளப்பாக்கிய பின் மதிப்புப் பேசினால், கூடிய விலை யாருடையது என்ற வழக்கு பிறந்துவிடும். அரசுப் பதிவுக்கும் இதுவே வழி. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; மூன்று மாதத்துக்குள் படிவம் 31இல் பெயர் மாற்றம் கோர வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் ஏனைய வாரிசுகளின் சம்மதமும் தேவைப்படும். காலம் கடந்தவர்களும் இதே பத்திரங்களோடு செல்ல வேண்டியதுதான்.

எஞ்சினைத் திறக்குமுன்

350 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். விட்டத்தினும் நீளம் மிகுந்த இந்த அமைப்பே அந்த நிதானமான ‘தட் தட்’ ஓசைக்கும், குறைந்த வேகத்திலும் மூச்சு வாங்காமல் இழுக்கும் ஆற்றலுக்கும் காரணம். வேகமாக ஓடப் பிறந்த வண்டியன்று இது.

இதற்குத் தனி எண்ணெய்த் தொட்டி வெளியில் இல்லை. கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே ஓர் அறை எண்ணெய்க்காக ஒதுக்கப்பட்டுள்ளது. எண்ணெயை அனுப்ப ஒரு பம்ப், திரும்பக் கொண்டுவர ஒரு பம்ப். வண்டி மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் சுழலும் அறையில் தேங்கிவிடும். இதை அறியாமல், எண்ணெய் குறைந்துவிட்டதென்று மேலும் ஊற்றி உதைப்பவர்கள் உண்டு. தெருவே புகையால் மூடும்; எண்ணெய் கிடைத்த வழியிலெல்லாம் பீறிடும். நெடுநாள் கிடந்த வண்டியின் எண்ணெய் முழுவதையும் அடிப்பக்கத் திருகுகள் வழியே வடித்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சில சொட்டுப் புதிய எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊறவைத்து, டாப் கியரில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சிக்கினால் வலுக்கட்டாயம் கூடாது.

வடிந்த எண்ணெயே வண்டியின் வரலாற்றைச் சொல்லும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வடசென்னையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. எண்ணூர்க் கழிமுகப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்து வீடுகளுக்குள் நுழைந்தது. அத்தகைய வண்டிகளும் புதுப்பூச்சோடு சந்தைக்கு வந்திருக்கலாம். முன்விளக்குக் கூட்டின் உட்புறம், சக்கரக் குடம், வயர்களின் இணைப்பு ஆகிய இடங்களில் வண்டல் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். குறையை மறைத்து விற்பது எத்தகைய செயல் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எண்ணெயில் பொன்னிறத் துகள் மின்னினால் கனெக்டிங் ராடின் கீழ்முனை தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. பழைய புல்லட்டில் அங்கே உருளைப் பேரிங் இல்லை. எண்ணெயில் மிதந்து சுழலும் புஷ் உள்ளது. எண்ணெய் உள்ளவரை அது நெடுங்காலம் உழைக்கும். சில நிமிடம் எண்ணெய் நின்றால் கெட்டுவிடும். ஓடும் எஞ்சினாயின் ராக்கருக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பார்க்கலாம். எண்ணெய் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது என்று பொருள். ஏற்றத்தில் இழுக்கும்போது அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டால் கிராங்கைப் பிரிக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவர். இருபது, நாற்பது, அறுபது என்று ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டு அளவுகள் உண்டு. அறுபதைத் தாண்டிய சிலிண்டருக்குப் புதிய உறை அடிக்க வேண்டும். ஆகவே ‘போர் எத்தனையாவது சைஸில் இருக்கிறது’ என்று கேட்பவரை விற்பவர் மரியாதையோடு நோக்குவார்.

இவ்வேலைகளுக்கு நாம் தொலைவில் அலைய வேண்டியதில்லை. காசிமேட்டு மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பழகிய கைகள் இராயபுரத்திலும், ஆலைகளுக்குப் பாகம் கடைந்த லேத் பட்டறைகள் திருவொற்றியூர்ப் பக்கத்திலும் உள்ளன. பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை, புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பழைய புல்லட்டின் நட்டுகளும் போல்ட்டுகளும் பல ஆங்கில அளவிலானவை. மில்லிமீட்டர் ஸ்பேனரைப் பலவந்தமாகப் போட்டால் முனை மழுங்கிவிடும். அங்குல ஸ்பேனர் வைத்திராத மெக்கானிக்கிடம் இவ்வண்டியை ஒப்படைக்காதீர்கள். அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி.

உப்புக் காற்றும் புதிய பெட்ரோலும்

கடற்கரையோர வண்டிக்கு முதற்பகை துரு. டேங்கின் அடிப்புறம், பேட்டரித் தட்டு, பின் மட்கார்டின் உட்பக்கம், ஸ்போக்ஸ் விளிம்பில் பொருந்தும் இடம் ஆகியவற்றை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பட்டி வைத்து மூடிய இடத்தில் காந்தம் ஒட்டாது. ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப்பையில் கொண்டு செல்வது செலவில்லாத சோதனை.

இரண்டாம் பகை இக்காலத்தது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் டேங்கில் நீர் சேர்ந்து உள்ளே துருப்பிடிக்கும். பழங்கால ரப்பர் குழாய்களும் வளையங்களும் அதில் ஊறி இளகும். ஆதலால் பெட்ரோல் குழாய், குழாயடைப்பின் ரப்பர், கார்புரேட்டர் வளையம் ஆகியவற்றைப் புதிய வகையில் மாற்றிவிட வேண்டும். ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிடுதல் நல்லது.

வீட்டில் வைத்து வேலை செய்வோர் கவனத்துக்கு: பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும். அதன் தூசியை வாயால் ஊதுவதும் காற்றடித்துப் பறக்கவிடுவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுத்துப் பையில் கட்டி எறிய வேண்டும். பெட்ரோலில் பாகங்களைக் கழுவும் கிண்ணம் சமையலறைக்கு அருகில் வரவே கூடாது. குழந்தைகள் எட்டும் உயரத்திலும் இருக்கக் கூடாது. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையில் சேர்ப்பிப்பது அண்டை வீட்டாருக்குரிய கடமை. வாசலில் எண்ணெய் சொட்டும் வண்டியை இல்லத்தரசியார் ஏற்பதற்கு, அதன் அடியில் ஒரு தகரத் தட்டையாவது வைத்துக் கொடுப்பது ஆண்களின் பொறுப்பு.

பூச்சு கடைசியில்

எஞ்சினும் பிரேக்கும் மின்கம்பிகளும் சரியான பிறகே பெயின்டரிடம் போக வேண்டும். கறுப்பு டேங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகள் ஒட்டும் தாளால் ஆனவையல்ல. திருவொற்றியூர் ஆலையில் அவற்றைத் தூரிகை பிடித்துக் கையாலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் வரைந்தனர். பழைய கோடு சிறிதேனும் மிஞ்சியிருந்தால் சுரண்டுமுன் புகைப்படமெடுத்து அகலத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்விளக்குக் கூட்டின் இருபுறமும் உள்ள சிறு விளக்குகள், ஆம்பியர் மானி, வலப்பக்கக் கியர், நடுநிலைக்கு ஒரே மிதியில் கொண்டுவரும் சிறு லீவர் ஆகியவை இவ்வண்டியின் அடையாளங்கள். நாகரிகம் கருதி இவற்றை அகற்றி, ஊரை எழுப்பும் சைலன்சரைப் பூட்டுவோரைக் காணும்போது வருத்தமே உண்டாகிறது.

அடையாளம் காப்பதில் சட்டப் பயனும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 ஆண்டைக் கடந்து, சேஸிஸிலும் கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் செய்யப்படாத வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். முதற்பதிவுக்கு 20,000 ரூபாய், சான்று 10 ஆண்டுக்குச் செல்லும், பதிவெண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துகள் இடம்பெறும். ஆயினும் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்த இயலாது. கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் வைத்திருப்போர்க்கே அது உகந்தது. தொழுகைக்கும் கடைக்கும் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் புதுப்பிப்போடு நின்றுவிடலாம்.

எல்லாம் முடிந்து முதல் நாள் உதைக்கும்போது அவசரம் ஆகாது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். ஆம்பியர் மானியின் முள் நடுவுக்கு வந்ததும் டீகம்ப்ரஸர் லீவரை இழுத்துப் பிஸ்டனைச் சிறிதே தாண்டவிட்டு, லீவரை விட்டு, கிக்கர் மேலே வந்தபின் முழுப் பலத்தோடு ஒரே உதை. இதைப் பழகாதவரின் கணுக்காலை வண்டி திருப்பி உதைக்கும். ஆகவே செருப்பணியாமல், ஷூ அணிந்தே உதைக்க வேண்டும். புதிய பிஸ்டன் போட்டிருந்தால் முதல் 500 கிலோமீட்டர் வரை மணிக்கு 40ஐத் தாண்டாமல் ஓட்டி, பிறகு எண்ணெயை முழுவதும் மாற்றி, டேப்பெட்டையும் செயினையும் மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.